வால்நட் கிட்டார் தேடிய கதை: கிப்ஸனா, ஃபெண்டரா, கிராமரா?

விளம்பரத்தில் ‘வால்நட் கிட்டார்’ என்று போட்டிருந்தால் நான் முதலில் கேட்பது, “மரமா, சாயமா?” என்றுதான். இப்படிக் கேட்டால் விற்பவர்களில் பாதிப் பேருக்குக் கோபம் வருகிறது. மீதிப் பேருக்குப் பதில் தெரிவதில்லை.

அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. 1970-களில் கிப்ஸன் என்ற அமெரிக்கக் கம்பெனி தன் எஸ்ஜி, இஎஸ்-335 எலெக்ட்ரிக் கிட்டார்களை ‘வால்நட்’ என்ற பெயரிலேயே ஒரு பழுப்பு நிறத்தில் விற்றது. எஸ்ஜியின் உடல் மஹோகனி. 335-இன் உடல் மேப்பிள் ஒட்டுப்பலகை. பெயரில் இருக்கிற வால்நட் மேல்பூச்சோடு முடிந்துவிடும். இரண்டும் நல்ல வாத்தியங்கள்தாம். ஆனால் மரத்துக்காகக் காசு எடுத்து வைத்திருப்பவனுக்கு அது வேறு சரக்கு.

நான் தேடியது மரத்தை. அக்ரூட் பருப்பு தருகிற மரத்தின் அமெரிக்கப் பங்காளி, கருப்பு வால்நட். அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் விளைவது. துப்பாக்கிக் கட்டைக்கும் நல்ல மேசை நாற்காலிக்கும் காலங்காலமாகப் போவது. (நம்மூர் வாகைக்கும் மர வியாபாரத்தில் ‘ஈஸ்ட் இந்தியன் வால்நட்’ என்று ஒரு பெயர் உண்டு. இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை.) நான் இருப்பது நியூ ஜெர்சியில். கையில் 2000 டாலர். காரில் போய்த் திரும்பும் தூரத்தில் எது விற்பனைக்கு வந்தாலும் நேரில் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். ஆறு மாதத்தில் மூன்று கிட்டார்கள் மனதில் நின்றன: கிப்ஸனின் ‘தி பால்’, ஃபெண்டரின் வால்நட் ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடலின் சுருக்கப் பெயர்), அலுமினியக் கழுத்து வைத்த கிராமர்.

மூன்றும் 1970-களின் இரண்டாம் பாதியிலிருந்து 80-களின் தொடக்கத்துக்குள் பிறந்தவை என்பது தற்செயல் இல்லை. அந்தக் காலத்து ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முன்னால் பளபளக்கிற அலுமினியம், இரண்டு பக்கமும் வால்நட் பலகை. வீடெங்கும் பழுப்புதான் ஃபேஷன். கலிஃபோர்னியாவில் அலெம்பிக் போன்ற சின்னப் பட்டறைகள் மரத்தின் ரேகை தெரிகிற மாதிரி கிட்டாரும் பேஸும் செய்து பெரிய இசைக்குழுக்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தன. பையன்கள் தங்கள் பழைய கிட்டாரின் பெயின்ட்டைத் தாங்களே சுரண்டி எடுத்தார்கள். (இன்று அதே கிட்டார்களை விற்கப் போகும்போது தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.) பெரிய கம்பெனிகளும் அந்தக் காற்றில் தூற்றிக்கொண்டன.

அந்தப் பெரிய கம்பெனிகள் அப்போது யார் கையில் இருந்தன என்பதும் விலையோடு சம்பந்தப்பட்ட விஷயம். ஃபெண்டரை 1965-இல் சிபிஎஸ் என்ற தொலைக்காட்சி நிறுவனம் வாங்கியிருந்தது, 1985-இல்தான் கைகழுவியது. கிப்ஸனின் தாய்க் கம்பெனியை 1969-இல் வளைத்தது ஈக்வடாரில் பீர் காய்ச்சிய ஒரு நிறுவனம். பிறகு நார்லின் என்று பெயர் மாறி 1986 வரை அதுதான் முதலாளி. ‘சிபிஎஸ் காலம்’, ‘நார்லின் காலம்’ என்றால் கிட்டார்காரர்கள் இன்றும் முகம் சுளிப்பார்கள். தரம் போனது, எடை கூடியது, கணக்குப்பிள்ளைகள் பட்டறையை நடத்தினார்கள் என்பது புகார். புகாரில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கெட்ட பெயர் இருப்பதால்தான் சம்பளக்காரன் ஒருவன் அந்தக் காலத்து அமெரிக்க கிட்டாரை இன்னும் தொட முடிகிறது.

தேடலில் எனக்குப் பெரிதும் உதவிய கருவி ஒரு தொங்கு தராசு. ஊருக்குப் போகும்போது பெட்டி 23 கிலோவைத் தாண்டாமல் நிறுக்க வாங்கியது. நம்மவர் வீடு ஒவ்வொன்றிலும் ஒன்று கிடக்கும். அதை ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டு போவேன். கிட்டாரின் ஸ்ட்ராப் பட்டனில் பட்டையை மாட்டி, கொக்கியில் தொங்கவிட்டால் தீர்ந்தது. விற்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பார்க்கட்டும். வால்நட் கிட்டாரில் ஏமாறக்கூடிய முதல் இடம் எடைதான்.

கணக்கு எளிது. காய்ந்த கருப்பு வால்நட் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 610 கிலோ. சாதாரண ஸ்ட்ராட் செய்கிற ஆல்டர் மரம் 450-ஐ ஒட்டி. அதே அச்சில், அதே தடிமனில் வால்நட்டை அறுத்தால் உடல் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். மஹோகனிக்கும் வால்நட்டுக்கும் அவ்வளவு வித்தியாசம் இல்லை. அதனால் மஹோகனியில் பழகிய கிப்ஸனுக்கு வால்நட் சிரமம் தரவில்லை. ஆல்டரில் பழகிய ஃபெண்டருக்குத் தந்தது.

ஃபெண்டரை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது என் பட்ஜெட்டில் இல்லவே இல்லை. ஆசை விடாமல் போய் வாசித்துப் பார்த்தேன். 1981-ஐ ஒட்டி வந்த வால்நட் ஸ்ட்ராட்டில் உடலோடு கழுத்தும் கருப்பு வால்நட். கறுப்பு பிக்கார்டு (உடலில் கீறல் விழாமல் காக்கும் தகடு), தங்க முலாம் பூசிய பிரிட்ஜும் டியூனர்களும். தூரத்தில் பார்த்தால் நகைக்கடைப் பெட்டி மாதிரி இருக்கும். கிட்டே போனால், உள்ளங்கை படுகிற இடத்தில் எல்லாம் முலாம் போய் வெளுத்திருந்தது. தங்க முலாம் போட்ட எந்தப் பழைய கிட்டாரிலும் இது நடப்பதுதான். முலாம் சுத்தமாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும், யாரோ பாகம் மாற்றியிருப்பார்கள்.

தராசு 4.7 கிலோ காட்டியது. உட்கார்ந்து வாசித்தபோது ஒன்றும் தெரியவில்லை. நின்று மூன்று பாட்டு வாசித்ததும் இடது தோள் பேச ஆரம்பித்தது. ஒலியில் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை: ஸ்ட்ராட்டின் மணி நாதம் அப்படியே இருந்தது, ஒற்றைச் சுருள் பிக்கப்பின் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தக் கருவி) ‘உம்ம்ம்’ இரைச்சல் உட்பட. சொல்லப் போனால் அதுதான் என் பிரச்சினையும். கண்ணை மூடினால் நல்ல ஸ்ட்ராட் ஒன்று கேட்டது. வால்நட் ஸ்ட்ராட் என்று தனியாக எதுவும் கேட்கவில்லை. அந்த அதிகப்படி விலை கண்ணுக்கும் அரிதான பண்டம் என்ற பெயருக்கும்தான். சேகரிப்பவருக்கு அது நியாயமான விலை. எனக்கு இல்லை.

ஃபெண்டரிலேயே 1983-இல் ‘எலீட்’ வரிசையிலும் வால்நட் வந்தது. சல்லிசாகக் கிடைத்தாலும் யோசியுங்கள். பித்தான் அழுத்தி பிக்கப் மாற்றுகிற ஆக்டிவ் சர்க்யூட், ‘ஃப்ரீஃப்ளைட்’ என்ற தனிவகை டிரெமலோ (நாதத்தை வளைக்கும் நெம்புகோல்) என்று எல்லாமே அந்த ஒரு மாடலுக்கென்றே செய்தவை. ஒரு துண்டு உடைந்தால் மாற்றுத் துண்டு தேடுவதே முழுநேர வேலையாகிவிடும்.

கிராமர் கதை வேறு மாதிரி. அது என் ஊர்க் கிட்டார். 1970-களின் நடுவில் நியூ ஜெர்சியின் நெப்ட்யூன் என்ற ஊரில் தொடங்கிய கம்பெனி. என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. மரக்கழுத்து வளையும், முறுகும். அலுமினியம் வளையாது என்பது அவர்கள் வாதம். கழுத்தின் நடுத்தண்டு அலுமினியம், கை படும் பின்பக்கத்தில் இரண்டு மரத்துண்டுகள் பதித்திருக்கும். தலை சுருதிக்கவை மாதிரி இரண்டாகப் பிரியும். ஃப்ரெட்போர்டு (ஃப்ரெட் எனும் உலோகக் கம்பிகள் பதித்த, விரல் அழுத்தும் பலகை) மரமே இல்லை. எபொனால் என்ற செயற்கைப் பொருள். 450ஜி போன்ற மாடல்களில் உடல் வால்நட்டும் மேப்பிளும் சேர்த்து ஒட்டியது. ஒட்டுவேலை பிரமாதம், அதில் சந்தேகமே இல்லை.

நான் போனது ஜனவரியில். விற்பவர் அதை கராஜில் வைத்திருந்தார். கையில் எடுத்ததும் ஃப்ரிட்ஜிலிருந்து எவர்சில்வர் டம்ளரை எடுத்த மாதிரி இருந்தது. சுருதி சேர்த்து வாசிக்கத் தொடங்கினேன். கழுத்தில் என் கைச்சூடு ஏற ஏறச் சுருதி நகர்ந்தது. மறுபடி சேர்த்தேன், மறுபடி நகர்ந்தது. பத்து நிமிடத்தில் நிலைக்கு வந்தது, வந்த பிறகு அசையவில்லை. வீட்டுக்குள் ஒரே தட்பவெப்பத்தில் வைத்து வாசிப்பவருக்கு இது தொல்லையே இல்லை. மேடைக்குப் பின்னால் குளிரில் காத்திருந்து விளக்கு வெளிச்சத்துக்கு வருபவருக்குத் தொல்லை.

அதைவிடப் பெரிய விஷயம், இந்தக் கழுத்தில் டிரஸ் ராட் (கழுத்தின் வளைவைத் திருகிச் சரிசெய்ய உள்ளே வைக்கும் கம்பி) கிடையாது. அலுமினியம் வளையாது என்று நம்பியதால் வைக்கவில்லை. நேராக இருக்கிற வரை நிம்மதி. என்றைக்காவது கோணினால் திருகிச் சரிசெய்ய வழி இல்லை. ஆகவே கிராமர் பார்க்கப் போனால் முதல் வேலை, தடித்த ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பது. ஒரு தாள் நுழைகிற அளவென்றால் சரி. நான் பார்த்தது சரியாகவே இருந்தது. ஆனால் எடை 4.9 கிலோ, அதிலும் கனம் தலைப்பக்கம். கையை எடுத்தால் ஹெட்ஸ்டாக் எனும் தலைப்பகுதி தரையைப் பார்க்கத் தலைகுனிகிறது. மூன்றில் விலை குறைந்தது இதுதான். ஓர் அமெரிக்கப் பட்டறை தைரியமாகச் செய்து பார்த்த சோதனை கையில் கிடைக்கிறது என்ற வகையில் கொடுத்த காசுக்கு அதிகம் தருவதும் இதுதான். உட்கார்ந்து வாசிப்பவராக இருந்தால் நான் இதையே வாங்கியிருப்பேன்.

இனி ‘தி பால்’. கிப்ஸனின் புகழ்பெற்ற லெஸ் பால் மாடலின் பெயரில் ‘லெஸ்’ போய் ‘தி’ வந்தது; கூடவே பல அலங்காரங்களும் போயின. மேலே வளைந்த மேப்பிள் மூடி கிடையாது, விளிம்பில் வெள்ளை பைண்டிங் பட்டை கிடையாது, பளபளப்பு கிடையாது. 1978-இல் வந்தபோது ஏழையின் லெஸ் பாலாகவே வந்தது. ஆனால் எதை விட்டார்கள் என்பதைவிட எதை வைத்தார்கள் என்று பாருங்கள்: உடல் வால்நட், கழுத்து வால்நட், ஃப்ரெட்போர்டு கருங்காலி, உடலோடு ஒட்டி இறக்கிய கழுத்து, மூடியில்லாத இரண்டு ஹம்பக்கர்கள் (இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்புகள்). அந்தக் காலத்தின் விலை உயர்ந்த கிப்ஸன்களில் இருந்த அதே ‘டி-டாப்’ பிக்கப்புகள். மேப்பிள் மூடி இல்லாததால் உடல் மெலிந்தது, மெலிந்ததால் எடை குறைந்தது. வால்நட்டின் எடையைத் தடிமன் குறைத்தே சமாளித்த ஒரே கிட்டார் மூன்றில் இதுதான். என் தராசில் 3.6 கிலோ.

பெயர் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. ‘தி பால் டீலக்ஸ்’ என்று 80-களில் வந்தது மஹோகனி. 90-களின் பின்பாதியில் வந்த ‘தி பால் டூ’வும் மஹோகனி. விற்பவர்கள் மூன்றையும் ஒரே பெயரில் போடுகிறார்கள். வருடத்தை உறுதி செய்ய ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கம் பாருங்கள். 1977 முதல் பல வருடங்கள் கிப்ஸன் எட்டு இலக்க எண் அடித்தது. முதல் இலக்கமும் ஐந்தாவது இலக்கமும் சேர்ந்தால் வருடம். இடையில் உள்ள மூன்றும் வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. கடைசி மூன்றும் அன்றைய வரிசை எண். 71559123 என்றிருந்தால் 1979-இன் 155-ஆவது நாள், அதாவது ஜூன் 4. கடைசி மூன்று இலக்கம் 500-க்குக் கீழே என்றால் அந்தக் காலத்தில் கலமசூ தொழிற்சாலை. 500-உம் அதற்கு மேலும் என்றால் நாஷ்வில். கலமசூவை 1984-இல் மூடிவிட்டார்கள் என்பதால் அந்த எண்ணுக்குக் கொஞ்சம் மவுசு உண்டு. வாசிக்கிறவனுக்கு அதில் ஒன்றும் இல்லை. அதற்காக அதிகம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பழைய கிப்ஸன் எதுவானாலும் பார்க்க வேண்டிய இடம் கழுத்தும் ஹெட்ஸ்டாக்கும் சேருகிற முடிச்சு. தலை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் கீழே விழுந்தால் அங்கேதான் உடையும். 70-களில் அந்த இடத்தில் சின்னத் திமில் மாதிரி ஒரு தடிப்பு விட்டிருந்தார்கள். வாசிப்பவர்கள் திட்டினார்கள், ஆனால் தாங்குவதற்காக வைத்தது அது. டார்ச் அடித்து, நகத்தால் தடவிப் பாருங்கள். ஒட்டிய விரிசல் நகத்தில் தட்டும். உடைந்து ஒட்டியது வாசிப்புக்குக் கெடுதல் இல்லை. விலைதான் பாதிக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். விற்பவர் இறங்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம்.

நான் வாங்கியது பென்சில்வேனியாவில், ஓய்வுபெற்ற ஒரு மனிதரிடம். புதிதாக வாங்கியவரே அவர்தான். “பக்கத்து வீட்டுப் பையன் பெரிய லெஸ் பால் வைத்திருந்தான், இதைப் பார்த்துச் சிரித்தான்” என்றார். மரமா சாயமா என்ற கேள்வியை அவரிடமும் கேட்டேன். கோபப்படவில்லை, ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கொடுத்தார்.

பின்பக்க பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். குழிக்குள் பூச்சு எட்டாத வெறும் மரம், சாக்லேட் பழுப்பு. ஓர் ஓரத்தில் மட்டும் வெளிறிய வைரம் பாயாத கீற்று. மஹோகனியாக இருந்தால் செம்பழுப்பு அடிக்கும். ஆனால் எனக்கு முழு நம்பிக்கை தந்தது அதுவல்ல. முன்பக்கம் பிக்கப்பைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தின் நான்கு திருகுகளைக் கழற்றித் தூக்கிப் பார்த்தேன். சட்டத்துக்கு அடியில் மரம் ஊதா கலந்த அடர்பழுப்பு. வெளியே வெயில் பட்ட இடம் கருப்பட்டிக் காப்பியில் பால் விட்ட நிறம். இரண்டுக்கும் நடுவே ரூலர் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு கோடு. பெரும்பாலான மரங்கள் வெளிச்சத்தில் கறுக்கும். வால்நட் வெளுக்கும். சாயம் போட்ட மஹோகனியில் அந்தக் கோடு இப்படி விழுந்திருக்காது. நாற்பது வருடத்துக்கு மேல் ஜன்னலோரம் இருந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

குறைகளும் இருந்தன. குளிர்காலம் முழுக்க வீட்டு ஹீட்டர் காற்றில் கருங்காலி சுருங்கி, ஃப்ரெட் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு நின்றன. பைண்டிங் இல்லாத கழுத்து என்பதால் மறைக்க ஒன்றும் இல்லை, விரல் ஓட்டினால் ரம்பம். அரம் போட்டால் போகிற விஷயம், ஆனால் விலை பேச உதவியது. ரப்பர் ஸ்டாண்டில் நிறுத்தி வைத்ததில் அடிப்பக்கம் பூச்சு உருகி ஒரு தழும்பு. நைட்ரோ பூச்சுக்கும் (நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷ்) ரப்பருக்கும் ஆகாது.

ஒலியைப் பற்றி இதுவரை நான் அதிகம் பேசவில்லை. வால்நட் மஹோகனியை விடப் பளிச்சென்றும் மேப்பிளை விட இதமாகவும் ஒலிக்கும் என்று விளம்பரத்துக்கு விளம்பரம் எழுதியிருக்கும். எனக்கு அதில் அரைகுறை நம்பிக்கைதான். என் ‘தி பால்’ வந்த புதிதில் கம்பளி போர்த்திய மாதிரி மங்கலாக ஒலித்தது. மரத்தின் குணம் என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம். உள்ளே பார்த்தால் வால்யூமுக்கு 300 கிலோ ஓம், டோனுக்கு 100 கிலோ ஓம் பாட்கள் (குமிழ்களுக்கு அடியில் இருக்கும், திருகி மாற்றுகிற மின்தடைகள்). 70-களின் கிப்ஸனில் வழக்கமாக இருப்பவை. ஓம் குறைவாக இருந்தால் மேல்ஸ்தாயியின் கூர்மை கசிந்து போகும். நான்கையும் 500-க்கு மாற்றினேன். அரை நாள் சால்டரிங் வேலை. கம்பளியை உருவி எடுத்த மாதிரி ஆனது. மரத்தை மாற்றி வாசித்த மூன்று கிட்டார்களுக்கு இடையே என் காதுக்குக் கேட்ட வித்தியாசத்தைவிட, ஒரே கிட்டாரில் இந்தச் சில டாலர் பாகங்கள் செய்த வித்தியாசம் பெரிது. ஆகவே கடையில் வாசித்துவிட்டு “வால்நட் மந்தமப்பா” என்று வைத்துவிட்டு வராதீர்கள்.

ஜப்பானியக் கிட்டார்களைப் பற்றியும் கேட்பீர்கள். மட்சுமொடோ நகரத்தில் 1987 வரை இயங்கிய மட்சுமொகு தொழிற்சாலை ஏரியா, வெஸ்டோன், வான்டேஜ் என்று பல பெயர்களுக்குச் செய்து கொடுத்தது. வேலைப்பாட்டில் அதே காலத்து அமெரிக்கக் கிட்டார்களுக்குச் சளைத்தவை இல்லை. ஆனால் நான் பார்த்தவற்றில் வால்நட் பெரும்பாலும் மேப்பிள் கழுத்தின் நடுவே ஓடுகிற மெல்லிய பட்டையாகத்தான் இருந்தது. நல்ல கிட்டார் தேடுகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம். வால்நட் தேடுகிறீர்கள் என்றால் அது ஊறுகாய் அளவுதான்.

ஊருக்கு எடுத்துப் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கருப்பு வால்நட் சைடீஸ் என்ற சர்வதேச வனவுயிர் வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லை. சிக்கல் தரக்கூடியது பிரேசில் ரோஸ்வுட்தான். 1992 முதல் கடுமையான பட்டியலில் இருக்கிறது. நம் ஈட்டி மரத்தில் செய்த வாத்தியங்களுக்கு 2019-இல் விலக்கு கிடைத்துவிட்டது. இந்த மூன்று கிட்டார்களிலும் அந்தத் தலைவலி இல்லை. வழியில் ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி, ஹெட்ஸ்டாக்குக்கு அடியில் துணி சுருட்டி வைத்து, கெட்டிப் பெட்டியில் போட்டு எடுத்துப் போங்கள், குறிப்பாக கிப்ஸனை. கடலோர ஈரத்தில் கருங்காலி மறுபடி உப்பி, துருத்திய ஃப்ரெட் முனைகள் தானே உள்ளே போனாலும் போகும். அதனால் இங்கே இருக்கும்போது அவசரப்பட்டு அரம் போட வேண்டாம். நான் போட்டுவிட்டேன்.

கழற்றிய பழைய பாட்கள் நான்கும் ஒரு தபால் உறையில், கிட்டார் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் 137 என்று தொடங்கும் எண். அது சிடிஎஸ் கம்பெனியின் குறி, அடுத்த இரண்டு இலக்கம் வருடம், கடைசி இரண்டும் வாரம். என்றைக்காவது இதை விற்க நேர்ந்தால், வாங்க வருபவர் முதலில் கேட்கப் போவது அந்த உறையைத்தான்.